கொரோனாவுக்காக மூடிய பள்ளி திறந்து மூன்று வாரம் ஆகிறது, பிள்ளைகளை அனுப்பலாமா?

(இந்தக் கேள்வியும் பதிலும் 2021 நவம்பரில் எழுதியவை. இவற்றில் வரும் விதிகள், பதவிகள், எண்ணிக்கைகள் எல்லாம் அன்றைக்கு இருந்தவை.)

கேள்வி: டாக்டர், எங்கள் ஊர் திருப்பூர் பக்கம். மகன் எட்டாம் வகுப்பு, மகள் இரண்டாம் வகுப்பு. இரண்டு பேருக்கும் ஊரிலேயே ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. இந்த 2021 நவம்பர் 1-ஆம் தேதி பள்ளி திறந்தும் நாங்கள் இன்னும் அனுப்பவில்லை. போன மே மாதம் என் கணவரின் அண்ணன் கொரோனாவில் இறந்துபோனார். 44 வயதுதான். ஆக்ஸிஜன் படுக்கைக்காக ஒரு ராத்திரி முழுக்க ஆம்புலன்ஸிலேயே காத்திருந்தோம். "படிப்பு போனால் அடுத்த வருஷம் படிச்சுக்கலாம், உயிர் போனால் வருமா?" என்கிறார் என் கணவர். நாங்கள் இருவரும் கொரோனா தடுப்பூசி இரண்டும் போட்டுவிட்டோம். மாமியாருக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது. நடிகர் விவேக் இறந்ததிலிருந்து ஊசி என்றாலே வேண்டாம் என்கிறார். மகள் அவரிடம்தான் படுத்துத் தூங்குவாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. இன்ஹேலர் பழகிவிடும் என்று சொன்னார்கள், நிறுத்திவிட்டோம். பையன் சும்மா இருக்கிறானே என்று பகலில் என் தம்பியின் பனியன் யூனிட்டுக்குப் போய்ப் பிசிறு வெட்டிக் கொடுக்கிறான். வகுப்பு டீச்சர் வீட்டுக்கே வந்து கேட்டுவிட்டுப் போனார். குழந்தைகளுக்கு ஊசி வந்த பிறகு அனுப்பினால் போதுமா, இப்போதே அனுப்ப வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். அவருடைய பயம் அறியாமை இல்லை. கூடப் பிறந்தவர் மூச்சுக்குத் தவித்ததை ஒரு ராத்திரி முழுக்கப் பார்த்தவர் அவர். மே 21-ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று என்று அறிவித்தார்கள். அந்த நாட்களை மருத்துவமனைக்கு உள்ளே இருந்து பார்த்தவன் நான். வெளியே ஆம்புலன்ஸில் காத்திருந்தவர்களின் மனதில் அது எப்படிப் பதிந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. "இன்னும் என்ன பயம், எல்லாரும் அனுப்பியாச்சே" என்று அவரை யாரும் மடக்க வேண்டாம்.

ஆனாலும் என் பதில், அனுப்புங்கள் என்பதுதான். ஊசிக்காகக் காத்திருக்க வேண்டாம், இந்த மாதமே அனுப்புங்கள். அதற்கு முன்னால் வீட்டில் செய்ய வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. அவற்றைத் தள்ளிப்போடாதீர்கள்.

பள்ளிக்குப் போனால் தொற்று வரும், வீட்டில் இருந்தால் வராது என்ற எண்ணத்தில்தான் நீங்கள் இருவரையும் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். இந்த ஜூன், ஜூலை மாதங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நாடு முழுக்க 70 மாவட்டங்களில் ரத்தப் பரிசோதனை நடத்தியது. யாருடைய உடலில் கொரோனாவுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் இருக்கிறது என்று பார்த்தார்கள். 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 57.2 சதவீதம் பேருக்கும், 10 முதல் 17 வயதில் 61.6 சதவீதம் பேருக்கும் இருந்தது. இவர்கள் யாருக்கும் தடுப்பூசி போடவில்லை. சின்னப் பிள்ளைகளின் பள்ளிகள் பெரும்பாலும் 2020 மார்ச்சிலிருந்து பூட்டியே கிடந்தன. அப்படியும் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தொற்று வந்து போயிருக்கிறது. எங்கிருந்து வந்திருக்கும்? வேலைக்குப் போய்த் திரும்பும் பெரியவர்களிடமிருந்து, கல்யாண வீட்டிலிருந்து, போன வருஷத் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போன கடையிலிருந்து. உங்கள் பிள்ளைகளுக்கும் மே மாதமே வந்து, தெரியாமலேயே போயிருக்கலாம். பெரியப்பா படுத்திருந்த வீடாயிற்றே.

வந்த பிள்ளைகளில் ஆகப் பெரும்பாலானவர்களுக்கு அது இரண்டு மூன்று நாள் காய்ச்சலாகவோ, ஒன்றுமே தெரியாமலோ கடந்துபோனது. ஐ.சி.எம்.ஆரின் தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவா ஜூலை மாதம் பத்திரிகையாளர்களிடம் பேசும்போது, பள்ளிகளைத் திறப்பதானால் தொடக்கப் பள்ளிகளை முதலில் திறக்கலாம் என்றே சொன்னார். இந்த வைரஸ் உடலுக்குள் நுழையப் பற்றிக்கொள்ளும் இடங்கள் சின்னப் பிள்ளைகளுக்குக் குறைவு என்பது அவர் சொன்ன காரணம். குழந்தைகளுக்கு ஒன்றுமே ஆகாது என்று நான் சொல்லவில்லை. நான் பார்த்தவர்களிலும் சில பிள்ளைகள் ஐ.சி.யூ. வரை போனார்கள். ஆனால் 44 வயது அண்ணனுக்கு இருந்த ஆபத்தும் 7 வயதுக் குழந்தைக்கு இருக்கும் ஆபத்தும் ஒன்றில்லை. உங்கள் வீட்டில் கொரோனாவுக்குப் பயப்பட வேண்டிய ஆள் உங்கள் மாமியார்.

அவருக்காக நீங்கள் உடனே செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. இந்த 2021 செப்டம்பர் 12-ஆம் தேதியிலிருந்து மாநிலம் முழுக்க மெகா தடுப்பூசி முகாம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த முகாம் என்றைக்கு என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு, அவரை அழைத்துப் போங்கள். சர்க்கரையும் பிரஷரும் இருப்பவர்கள் ஊசிக்காக மாத்திரையை நிறுத்தக் கூடாது, பட்டினியும் கிடக்கக் கூடாது. காலையில் வழக்கம்போலச் சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு போகட்டும்.

விவேக் அவர்களைப் பற்றி அத்தை கேட்டால் மழுப்ப வேண்டாம், நேராகப் பேசுங்கள். ஏப்ரல் 15-ஆம் தேதி ஊசி போட்டுக்கொண்டார், 17-ஆம் தேதி இறந்துவிட்டார். அதைக் கேட்டு மனசு பதறாத ஆள் தமிழ்நாட்டில் இல்லை. அந்த மரணத்தை மத்திய அரசின் நிபுணர் குழு தனியாக ஆராய்ந்தது. அவருக்கு வந்தது மாரடைப்பு, ஊசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று போன மாதம்தான் அறிக்கை வந்தது. இதைச் சொல்லுங்கள். அதோடு, பெரிய மகனுக்கு அன்றைக்கு ஊசி கிடைத்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கும்படியும் கேளுங்கள். இதைக் கேட்பது எனக்கும் கஷ்டம்தான். ஆனால் அந்த வீட்டில் இதைக் கேட்கும் உரிமை உங்கள் கணவர் ஒருவருக்குத்தான் உண்டு. அவர் கேட்டால் அம்மா மறுக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

முதல் ஊசி போட்டதும் பாதுகாப்பு முழுதாக வந்துவிடாது. கோவிஷீல்டு என்றால் அடுத்த ஊசிக்கு 84 நாள், கோவாக்சின் என்றால் 28 நாள். அதுவரை பிள்ளைகளை நிறுத்தி வைக்க வேண்டுமா என்றால், வேண்டாம். மகள் மட்டும் அதுவரை உங்களோடு படுக்கட்டும். பாட்டி படுக்கும் அறையில் ஒரு ஜன்னலாவது ராத்திரியும் திறந்திருக்கட்டும், கொசுவலை கட்டிக்கொள்ளலாம். பேத்தி பள்ளி விட்டு வந்து, கைகால் கழுவி, திண்ணையில் பாட்டியோடு உட்கார்ந்து கதை கேட்பதில் தவறில்லை. இரண்டு பேரையும் அடியோடு பிரித்துவிடாதீர்கள். மகனைப் பறிகொடுத்த தாய்க்கு அந்தக் குழந்தைதான் ஆறுதலாக இருக்கும்.

அடுத்தது மகளின் வீசிங். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்த வரி, இன்ஹேலரை நிறுத்திவிட்டோம் என்பதுதான். இன்ஹேலர் பழகிப்போகும், நுரையீரலைக் கெடுக்கும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வாய் வழியாகச் சாப்பிடும் மருந்தைவிட மிகக் குறைந்த அளவு மருந்து, போக வேண்டிய இடத்துக்கு நேராகப் போகிறது. இப்போது மழைக்காலம். சளி பிடித்து, அதிலிருந்து இளைப்பு வரும் பருவம் இது. பள்ளிக்குப் போனாலும் போகாவிட்டாலும் அவளுக்கு மருந்து வேண்டும். அவளைப் பார்க்கும் குழந்தை மருத்துவரிடம் இந்த வாரமே போய், தினமும் எடுக்க வேண்டிய தடுப்பு மருந்து எது, இளைப்பு வரும்போது மட்டும் எடுக்க வேண்டியது எது என்று தனித்தனியாகக் கேட்டு, பெட்டியின் மேலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மருந்து போய்ச் சேருவதும் நாம் கொடுக்கும் விதத்தில்தான் இருக்கிறது. ஏழு வயதுக் குழந்தைக்கு நேராக வாயில் வைத்து அடித்தால் பாதிக்கு மேல் தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். ஸ்பேஸர் என்ற அந்தப் பிளாஸ்டிக் குடுவை கட்டாயம் வேண்டும். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, ஸ்பேஸரில் பொருத்தி, குழந்தை வாயை இறுக்கி வைத்துக்கொண்ட பிறகு ஒரே ஒரு தடவை அழுத்துங்கள். அவள் அவசரப்படாமல் ஐந்தாறு தடவை மூச்சு இழுத்து விடட்டும். இரண்டாவது தடவை தேவை என்றால் மறுபடி குலுக்கி, முதலிலிருந்து செய்யுங்கள். தடுப்பு மருந்து எடுத்த பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். வாரம் ஒரு தடவை ஸ்பேஸரைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, துணியால் துடைக்காமல் அப்படியே உலர விடுங்கள். துடைத்தால் மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

வீசிங் கட்டுக்குள் இருக்கிறது என்றால் பள்ளிக்குப் போகத் தடையே இல்லை. இளைப்பு வரும்போது கொடுக்க வேண்டிய இன்ஹேலரையும் ஸ்பேஸரையும் பெயர் எழுதிப் பையில் வையுங்கள். எப்போது, எத்தனை தடவை என்று ஒரு தாளில் எழுதி வகுப்பு டீச்சர் கையில் கொடுங்கள். வீட்டுக்கே தேடி வந்து கேட்ட டீச்சர் இதையும் கவனமாகப் பார்த்துக்கொள்வார். புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகள், உறுப்பு மாற்று செய்தவர்கள், சிறுநீரகக் கோளாறுக்காக நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆகியோரை மட்டும், அவர்களின் மருத்துவர் சொல்லும்வரை நிறுத்தி வைக்கச் சொல்வேன். உங்கள் மகள் அந்தக் கூட்டத்தில் இல்லை.

இப்போது மகனைப் பற்றி. பனியன் யூனிட்டைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், நான் அதில் கொஞ்சம் நின்றுவிட்டேன். நூல் தூசி பறக்குமே என்று ஃபேன் வைத்து, ஜன்னலைச் சாத்தி, பத்துப் பதினைந்து பேர் தோளோடு தோள் உட்கார்ந்து வேலை பார்க்கும் கூடம்தானே அது? வெவ்வேறு ஊரிலிருந்து வருகிறவர்கள், நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பவர்கள். தொற்று பரவுவதற்கு வகுப்பறையைவிட அதுதான் வசதியான இடம். பள்ளியில் ஆசிரியர்கள் எல்லாரும் ஊசி போட்டிருக்க வேண்டும் என்று அரசு சொல்லியிருக்கிறது. யூனிட்டில் யார் போட்டிருக்கிறார்கள் என்று உங்கள் தம்பிக்கே தெரியாமல் இருக்கலாம்.

சட்டப்படியும் அது கூடாது. 14 வயது ஆகாத பிள்ளையைத் தொழிற்கூடத்தில் வேலைக்கு வைக்க முடியாது. குடும்பத் தொழிலில் கைகொடுப்பதற்கு விலக்கு உண்டு. அதுவும் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும்தான். ஆனால் உங்களை அதைச் சொல்லி மிரட்ட எனக்கு மனமில்லை. என் கவலை வேறு. எட்டாம் வகுப்புப் பையன் சனிக்கிழமை சம்பளம் என்று கையில் முந்நூறு, நானூறு பார்க்க ஆரம்பித்துவிட்டால், பொங்கலுக்குப் பிறகு நீங்களே அனுப்ப நினைத்தாலும் அவன் போகமாட்டான். உங்கள் பகுதியில் நடப்பது உங்களுக்கே தெரியும். இந்த ஒன்றரை வருடத்தில் கட்டிங், செக்கிங் என்று போன பிள்ளைகளில் எத்தனை பேர் திரும்ப வந்தார்கள் என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். "அடுத்த வருஷம் படிச்சுக்கலாம்" என்கிறார் உங்கள் கணவர். மகளுக்கு அது ஓரளவு பொருந்தலாம். மகனுக்கு அந்த அடுத்த வருஷம் வராமலே போகலாம்.

மகளின் படிப்பையும் லேசாக விட வேண்டாம். 2020 மார்ச்சில் பள்ளி மூடியபோது அவள் யூ.கே.ஜி.யில் இருந்திருப்பாள். ஒன்றாம் வகுப்பு முழுவதும் போனில் போயிற்று. இரண்டாம் வகுப்பில் பாதி வருடம் முடிந்துவிட்டது. எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டிய அந்த ஒரு வருடம் அவளுக்கு வகுப்பறையே கிடைக்கவில்லை. இந்த ஆகஸ்டில் தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில், வசதி குறைந்த வீடுகளின் பிள்ளைகளிடம் எடுத்த ஓர் ஆய்வில், கிராமத்துப் பிள்ளைகளில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் 8 சதவீதம் பேர்தான். 37 சதவீதம் பேர் படிக்கவே இல்லை. உங்கள் மகளின் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, படம் இல்லாத ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். திட்ட வேண்டாம், திருத்தவும் வேண்டாம். எங்கே நிற்கிறாள் என்று உங்களுக்கும் அப்பாவுக்கும் தெரிந்தால் போதும். இல்லம் தேடிக் கல்வி என்று மாலை நேரத்தில் தன்னார்வலர்கள் தெருவுக்கே வந்து சொல்லிக்கொடுக்கும் திட்டத்தை முதலில் 12 மாவட்டங்களில் தொடங்கியிருக்கிறார்கள். உங்கள் ஊருக்கு வரும்போது இருவரையும் சேர்த்துவிடுங்கள். ஆனால் பள்ளிக்குப் பதிலாக அது போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

ஊசி வரட்டும் என்று காத்திருப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக ஒரு தடுப்பூசிக்கு இந்த 2021 ஆகஸ்டிலேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள். இன்னும் முகாம்களுக்கு வரவில்லை. வந்தால் பையனுக்கு உடனே போட்டுவிடுங்கள். ஏழு வயது மகளுக்கு என்றைக்கு வரும் என்று இன்று யாராலும் தேதி சொல்ல முடியாது. ஆனால் ஏற்கெனவே இருக்கும் ஊசிகளை விட்டுவிட்டீர்களா என்று பாருங்கள். ஊரடங்கில் நிறைய வீடுகளில் இது நடந்திருக்கிறது. மகளுக்கு ஐந்து வயதில் போட வேண்டிய டி.பி.டி. பூஸ்டர் (தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னிக்கு எதிரானது), மகனுக்குப் பத்து வயதில் போட வேண்டிய டி.டி. ஊசி (தொண்டை அடைப்பான், ரண ஜன்னிக்கு எதிரானது) இரண்டையும் தடுப்பூசி அட்டையில் தேடுங்கள். இல்லையென்றால் அரசு சுகாதார நிலையத்தில் கேளுங்கள். செலவில்லை.

அனுப்புவதற்கு முன்னால் ஒருநாள் நீங்களும் கணவரும் சேர்ந்து பள்ளிக்குப் போய்ப் பாருங்கள். முக்கியமாக அவர் வர வேண்டும். வகுப்பறையில் ஜன்னல்கள் திறந்திருக்கின்றனவா, மழை என்று சாத்தி வைத்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். பெஞ்சை எத்தனை தடவை துடைக்கிறார்கள் என்பதைவிடக் காற்று எவ்வளவு வந்து போகிறது என்பதுதான் முக்கியம். சாரல் அடிக்காத பக்கத்து ஜன்னலையாவது திறந்து வைக்கச் சொல்லிக் கேட்கலாம். சத்துணவு நேரத்தில் எல்லாப் பிள்ளைகளும் முகக்கவசத்தைக் கழற்றுவார்கள். அந்த நேரம் மட்டும் வராந்தாவிலோ மரத்தடியிலோ தள்ளித் தள்ளி உட்கார வைக்க முடியுமா என்று தலைமை ஆசிரியரிடம் தன்மையாகக் கேளுங்கள். பல பள்ளிகளில் சுழற்சி முறையில் ஒருநாள் விட்டு ஒருநாள் வரச் சொல்வதால் கூட்டமும் குறைவு. வருகை கட்டாயமில்லை என்று அரசே சொல்லியிருப்பதால், கேள்வி கேட்டால் பிள்ளையின் பெயரை எடுத்துவிடுவார்களோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

முகக்கவசம் மூன்றடுக்குத் துணியில், மூக்கையும் தாடையையும் மூடும் அளவில் இருக்கட்டும். உங்கள் ஊரில் நல்ல துணிக்குப் பஞ்சமில்லை. பையில் இன்னொன்று உலர்ந்ததாக இருக்க வேண்டும், மழையில் நனைந்ததைப் போட்டால் மூச்சு முட்டும். ஓடி விளையாடும்போது மகள் போட வேண்டாம். என்-95 இந்த வயதுக்குத் தேவையில்லை.

காய்ச்சல், இருமல் எது வந்தாலும் அன்றைக்குப் பள்ளி வேண்டாம். பரிசோதனையில் கொரோனா என்று வந்தால், இப்போதைய (2021) விதிப்படி, அறிகுறி தொடங்கியதிலிருந்து 10 நாள் ஆகி, கடைசி மூன்று நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் வெளியே வரலாம். அப்புறம் வரும் இரண்டு முதல் ஆறு வாரம் வரை ஒரு கண் வைத்திருங்கள். அந்த இடைவெளியில் மூன்று நாள் விடாத காய்ச்சல், கண் சிவப்பு, உடம்பில் தடிப்பு, வயிற்று வலி, வாந்தி என்று வந்தால் அக்கம்பக்கத்தில் ஊசி போட்டுக்கொண்டு காத்திருக்காமல், குழந்தைகள் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். அபூர்வமாகத்தான் வரும், சீக்கிரம் பார்த்தால் குணமாகும். அதேபோல இது டெங்கு மாதம் என்பதையும் மறக்க வேண்டாம். காய்ச்சல் விட்ட பிறகு குழந்தை சோர்ந்துபோய், வயிறு வலிக்கிறது என்று சொல்லி, கைகால் சில்லிட்டால் கொரோனா டெஸ்டுக்காக நின்றுகொண்டிருக்காதீர்கள்.

இந்த 2021 நவம்பரில் தமிழ்நாடு முழுவதிலும் சேர்த்து ஒரு நாளைக்கு எழுநூறு, எண்ணூறு பேருக்குத்தான் தொற்று வருகிறது. அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். இந்த எண்ணிக்கை மறுபடி ஏற ஆரம்பித்து, உங்கள் ஊரிலேயே வீட்டுக்கு வீடு காய்ச்சல் என்று ஆனால், அல்லது அவர்கள் வகுப்பில் யாருக்காவது உறுதியானால், பள்ளி சொல்லும் நாட்கள் வரை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அது தப்பில்லை. முடிந்ததும் திரும்ப அனுப்புங்கள். உங்கள் கணவருக்கும் இதைச் சொல்லுங்கள். ஒருமுறை அனுப்பிவிட்டால் பிறகு நிறுத்தவே முடியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம்.

முதல் வாரம் மகள் அழக்கூடும், காலையில் வயிற்று வலி என்றும் சொல்வாள். இவ்வளவு நாள் அம்மாவை விட்டுப் பிரியாத பிள்ளை. இளைப்பும் காய்ச்சலும் இல்லை என்று பார்த்துக்கொண்டு கூட்டிப் போங்கள். அண்ணன் அதே பள்ளியில் இருப்பது பெரிய வசதி, இடைவேளையில் ஒருமுறை அவளை எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வாசலில் அவளோடு சேர்ந்து நீங்கள் கலங்கி நிற்காமல், எத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்லிவிட்டு, சொன்ன நேரத்துக்குச் சரியாகப் போய் நில்லுங்கள். பழைய சீருடை இரண்டு பேருக்கும் இப்போது சேராது. புதிது தைக்கும்வரை வண்ண உடையிலேயே அனுப்பலாமா என்று டீச்சரிடம் இன்றே கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் குழந்தை நல மருத்துவர்